முழு நாளும் அரைப் பேரும்

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொழும்பை அடுத்த தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்வதென ஆசிரியர்களாகிய நாம் தீர்மானித்து, செலவுக் கணக்கைப் பெற்றோர் முன் வைத்தோம். பஸ் கட்டணம், நுழைவுச் சீட்டு, இரு வேளைச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தபோது, பிள்ளை ஒன்றுக்கு ஆகும் தொகை ஒரு தாயின் இரண்டு நாட் கூலியைத் தொட்டது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்த தாயொருவர் எழுந்தார். "அம்புட்டுத் தூரம் போயி, ஒரு நாப் பூரா நின்னு பாக்க அங்க என்னாங்க சேர் இருக்கு?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நாமும் புன்னகை செய்தவாறு, சிங்கம் இருக்கிறது, புலி இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது என்று அடுக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டார். ஆயினும் நாம் கூறியது அவருடைய கேள்விக்கு விடையன்று என்பது அன்று வீடு திரும்பும் வழியிலேயே எமக்கு விளங்கிற்று. அவர் கேட்டது விலங்குகளின் பட்டியலையன்று. ஒரு நாள் என்பதன் பெறுமதி என்ன, அந்தப் பெறுமதிக்கு ஈடாக அங்கே இருப்பது என்ன என்பதே அவர் கேட்டது. நாளைக் கூலியாக அளந்து வாழும் மக்கள் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. அதற்கு விடை சொல்ல வேண்டுமாயின், மிருகக்காட்சிச்சாலையின் வரலாற்றையும் ஊவாவின் வரலாற்றையும் ஒருங்கு வைத்தே பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று எண்ணுவார் உளர். அவை ஒரே காட்டில் தொடங்கியவை.

இதே கேள்வியை உலகின் மறுகோடியில் வேறொரு மக்கள் வேறொரு மனநிலையில் கேட்டதுண்டு. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனம் விலங்குகளை மையமாகக் கொண்ட கேளிக்கைப் பூங்கா ஒன்றைத் திறந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 580 ஏக்கர். ஆபிரிக்கப் புல்வெளியைப் போல் ஒரு நிலம் ஆக்கி, அதில் யானைகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் உலவ விட்டு, இது மிருகக்காட்சிச்சாலை அன்று என்றே விளம்பரமும் செய்தனர். இவ்வளவு இருந்தும் வந்தவர்கள் அதனை 'அரை நாட் பூங்கா' என்று பேசலாயினர். காலையில் விலங்குகளைப் பார்த்துவிட்டால் மாலையில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவர்களுடைய குறை. விலங்கு மாலையானால் ஓய்வு கொள்ளும். சீட்டு வாங்கியவனோ இரவு வரை மகிழ்விக்கப்பட வேண்டும் என்கிறான். நிறுவனம் என்ன செய்தது? புதிய ஊர்திகளை அமைத்தது. 2017இல் திரைப்படம் ஒன்றின் கற்பனை உலகத்தையே பூங்காவுக்குள் கட்டியது. இரவுக் காட்சிகளைச் சேர்த்தது. உயிருள்ள யானை நிரப்பாத நேரத்தை இயந்திரம் நிரப்பிற்று.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. விலங்கைக் கண்டு மனிதன் வியக்கும் கணம் உண்மையானது. ஆனால் அது குறுகியது. அக்கணத்தை ஒரு நாளாக நீட்டி விற்பது தனியொரு தொழில். அந்தத் தொழில் எவ்வாறு பிறந்தது?

விலங்குகளைக் கூட்டிவைத்துக் காண்பது முதலில் மன்னர்களின் பொழுதுபோக்காக இருந்தது. வியன்னா நகரின் ஷொன்புரூன் அரண்மனைத் தோட்டத்தில் 1752இல் அமைந்த விலங்குச்சாலை பேரரசரின் குடும்பத்துக்காக எழுந்ததே. பிரெஞ்சுப் புரட்சி இவ்வழக்கத்தை உடைத்தது. வெர்சேய் அரண்மனையில் மன்னன் வைத்திருந்த விலங்குகளுள் எஞ்சியவை 1790களில் பாரிஸ் நகரத் தாவரப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, மக்கள் காணும் பொருளாயின. மன்னன் கண்டு களித்ததை மக்களும் காணலாம் என்ற எண்ணம் அன்றைக்குச் சிறிய எண்ணமன்று. இலண்டனிலோ 1828இல் திறக்கப்பட்ட விலங்கியற் பூங்கா கழக உறுப்பினர்களுக்கே உரியதாயிருந்து, 1847இல்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. சென்னையில் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்வர்ட் கிரீன் பால்ஃபோர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் மக்கள் திரண்டு வருவர் என்று கண்டு, 1855இல் அங்கே விலங்குச்சாலை ஒன்றை ஏற்படுத்தினார். அதன் வழிவந்ததே இன்று வண்டலூரில் 602 ஹெக்டேர் நிலத்தில் விரிந்து கிடக்கும் அறிஞர் அண்ணா உயிரியற் பூங்கா. 1985இல் அது அங்கே திறக்கப்பட்டது.

சென்னை மக்கள் சிறுத்தையைக் கம்பிக்கு இப்பால் நின்று கண்டு வியந்த அந்த 1850களில், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட எம் முன்னோர் சிறுத்தையையும் கரடியையும் கம்பியில்லாமலே கண்டுகொண்டிருந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாகக் கால்நடையாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு அவர்கள் நடந்தனர். காய்ச்சலிலும் பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலே விழுந்தவர் பலர். அந்தப் பயணத்துக்கு நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பி வரும் சீட்டும் இல்லை.

அவர்கள் வந்து சேர்ந்த இந்த ஊவா மலைகளின் கதை என்ன? 1817-18ஆம் ஆண்டுகளில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை நசுக்கிய படை ஊர்களை எரித்தது, விளைச்சலை அழித்தது. மனிதர் குறைந்த நிலத்தில் காடும் யானையும் பெருகின. அந்த யானைகளின்மேல் அடுத்த தலைமுறை ஆங்கில அதிகாரிகள் துப்பாக்கியைத் திருப்பினர். அவர்களுள் பெயர் பெற்றவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று, அக்காலத்தில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்துள்ளார். கப்டன் கால்வே என்பவர் அதில் பாதிக்கு மேலும், பாதைகளை அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அதேயளவும் கொன்றனராம். 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஹப்புத்தளையில் இடி விழுந்து ரொஜர்ஸ் மாண்டார். அவருடைய நினைவாகப் பதுளை நகரில் எழுந்த புனித மாற்கு ஆலயம் இன்றும் இருக்கிறது. எம் மாணவர்கள் பஸ்ஸில் நகருக்கு வரும்போது அதைக் கடந்தே செல்கின்றனர். யானைகளின் சாபமே இடியாக இறங்கியது என்று மக்கள் சொல்வதுண்டு. நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். மின்னலுக்கு நீதி அநீதி தெரியாது. நீதி வேண்டுமானால் அதை மனிதர்தான் தேட வேண்டும்.

ரொஜர்ஸ் என்ற தனி மனிதரின் வெறி மட்டுமா இது? அன்று. அரசே யானைத் தலைக்கு விலை வைத்திருந்தது. தலைக்குச் சில ஷில்லிங் பரிசு என்ற ஆசையில், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டன என்பதும் டெனன்ட் தரும் கணக்கே. காடு, கோப்பிக்காக வெட்டப்பட்டது. வெட்டிய மரத்தை இழுக்கவும் பாலத்துக்குக் கல் சுமக்கவும் பிடிபட்ட யானைகள் பயன்பட்டன. ஆக, யானைக்கு இருந்த வழி இரண்டே: சுடப்படுவது, அல்லது வேலைக்குப் பிடிபடுவது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபோது அந்த மலைகளில் யானைத் தடம் பெரும்பாலும் அழிந்திருந்தது. மறுவருடம், 1891இல், யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கொல்ல யானை குறைந்தபின் காக்கச் சட்டம் பிறந்தது.

இனித் தெஹிவளைக்கு வருவோம். ஹம்பேர்க் நகரத்தில் கார்ல் ஹாகன்பெக் என்றொரு விலங்கு வணிகர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் யானையும் சிங்கமும் விற்றவர் அவரே. விலங்கு மட்டும் விற்றால் கூட்டம் குறைகிறது என்று கண்ட அவர், 1870களில் ஒரு புதிய சரக்கைக் கண்டுபிடித்தார். அந்தச் சரக்கு மனிதன். தொலைநாட்டு மக்களை அவர்களுடைய குடிசை, ஆடை, கால்நடை ஆகியவற்றோடு கொண்டுவந்து, ஐரோப்பிய நகரங்களில் வேலிக்குள் இருத்தி, சீட்டு விற்றார். 1884இல் அவர் கொண்டுசென்ற இலங்கைக் கூட்டத்தில் 67 மனிதர்களும் 25 யானைகளும் இருந்ததை அவரே தம் நினைவு நூலில் பெருமையுடன் குறிக்கிறார். மனிதரையும் யானையையும் ஒரே வரியில் எண்ணிச் சொல்ல அவருக்குக் கூச்சம் ஏற்படவில்லை. எமக்கு அவ்வரி புதிதன்று. 'இத்தனை ஏக்கர், இத்தனை ஆள்' என்று எழுதிய தோட்டக் கணக்குப் புத்தகத்தின் மொழியும் அதுவே.

1907இல் ஹம்பேர்க்கை அடுத்த ஷ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் தம் விலங்குப் பூங்காவைத் திறந்தார். கம்பிகளை நீக்கி, கண்ணுக்குத் தெரியாத அகழிகளை வெட்டி, செயற்கைப் பாறைகளுக்கு நடுவே சிங்கத்தை நிறுத்தினார். பார்ப்பவன் தன்னைக் காட்டிலே இருப்பதாக எண்ணுவான். சிங்கமோ முன்போலவே சிறையில் இருக்கும். புளோரிடாவின் புல்வெளிக்கு மூதாதை இதுவே.

கார்ல் ஹாகன்பெக்கின் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் பல்லாண்டுகள் இலங்கையில் வாழ்ந்து, தோட்டமும் வாணிகமும் நடத்தி, இங்கிருந்து விலங்குகளை ஏற்றுமதி செய்தவர். முதல் உலகப் போர் வந்தபோது, ஜெர்மானியர் என்ற காரணத்தால் உடைமைகளை இழந்து வெளியேறினார். 1920களில் திரும்பிவந்த அவர், அவ்வாண்டுகளின் பிற்பகுதியில் தெஹிவளையில் விலங்குத் தோட்டம் ஒன்றை நிறுவினார். கப்பலேற்றக் காத்திருக்கும் விலங்குகளுக்கு அது ஒரு தங்குமிடம். காத்திருக்கும் நாட்களில் சீட்டு விற்று அவற்றைக் காட்டவும் செய்யலாம். நிறுவனம் 1936இல் முறிந்தது. அவ்வாண்டே அரசாங்கம் அதனை எடுத்துக்கொண்டது. தேசிய விலங்கியற் பூங்கா என்று நாம் இன்று அழைப்பதன் தோற்றம் இது. பண்டகசாலையாகப் பிறந்து தேசியச் சொத்தாக வளர்ந்த இடம் அது.

அங்கே ஒரு நாள் முழுவதும் பார்க்க என்ன இருக்கிறது? நேர்மையாகச் சொல்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 23 ஏக்கர். எம் தோட்டங்களில் ஒரு மலையின் பரப்புக்கூட அதைவிடப் பெரிதாயிருக்கும். சிங்கம், புலி, சிறுத்தை, குரங்கினங்கள், பறவைக்கூடம், பாம்புக்கூடம், நீர்வாழ் உயிரினச்சாலை என்று எல்லாவற்றையும் நின்று பார்த்தாலும் கால்வலி இல்லாத பிள்ளை நான்கு மணி நேரத்தில் முடித்துவிடும். எஞ்சிய நேரத்தை நிரப்பவே பல்லாண்டுகளாக மாலைதோறும் யானைக் காட்சி நடத்தப்பட்டது. யானைகள் வரிசையாக வந்து, ஒன்றன் வாலை ஒன்று பற்றி நடந்து, முன்காலைத் தூக்கி வணங்கி, இசைக்கு ஏற்ப ஆடின. மக்கள் அதற்காகவே மாலை வரை காத்திருந்தனர். அரை நாட் பூங்காவை முழு நாட் பூங்காவாக்கிய உழைப்பு யானையின் உழைப்பு.

மிருகக்காட்சிச்சாலையால் பயனே இல்லை என்று வாதிடுவது எம் நோக்கமன்று. 1975இல் பின்னவலையில் தாயிழந்த யானைக் கன்றுகளுக்கு வனவிலங்குத் திணைக்களம் ஒரு காப்பகம் அமைத்தது. 1978இல் அதன் பொறுப்பைத் தேசிய விலங்கியற் பூங்காவே ஏற்றது. தாய்ப்பால் இழந்த கன்றுக்குப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்த கைகளை நாம் மதிக்கிறோம். 1995இல் உடவளவையில் தொடங்கிய யானை இடைத்தங்கல் இல்லம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே வளர்க்கப்படும் கன்றுகள் காட்சிக்காக அல்ல, மீண்டும் காட்டுக்கு அனுப்புவதற்காகவே வளர்க்கப்படுகின்றன. உடவளவைத் தேசியப் பூங்கா 1972இல் அமைந்தது. அதன் ஒரு பகுதி எமது ஊவா மாகாணத்திலேயே இருக்கிறது. பதுளைப் பிள்ளைக்குத் தெஹிவளையைவிட அதுவே அண்மை. இருந்தும் பாடசாலைச் சுற்றுலா என்றவுடன் எம் நினைவு கொழும்புக்கே ஓடுகிறது. தலைநகரில் இருப்பதே காணத் தக்கது என்று எமக்கும் கற்பிக்கப்பட்டுவிட்டது.

மேலும், விலங்கு என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு என்றுமே வெறும் காட்சிப்பொருளாய் இருந்ததில்லை. மழைக் காலத்தில் தாயின் காலில் ஒட்டிவரும் அட்டையை அது அறியும். தேயிலைச் செடிக்கடியில் கலைந்த குளவிக்கூட்டால் தலைமுகமெல்லாம் வீங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களை அது அறியும். திரும்பி வராதவர்களையும் அறியும். லயத்து நாயைச் சிறுத்தை கொண்டுபோன இரவை அறியும்; மரக்கறிப் பாத்தியைப் பன்றி உழுத காலையை அறியும். உயிரியல் பாடத்தில் நாம் கேட்டால் இவை எல்லாவற்றையும் அது சொல்லும். ஆனால் நாம் கேட்பதில்லை. பாடநூலில் வரிக்குதிரை இருக்கிறது, குளவி இல்லை.

இப்போது அந்தத் தாயின் கேள்வியின் மறு பாதிக்கு வருவோம். முழு நாள் என்றால் என்ன?

தோட்டத்தில் நாளுக்குப் பெயர் 'பேர்'. காலைப் பிரட்டில் நின்று, மலைக்கு ஏறி, குறித்த கிலோக் கொழுந்தை மாலைக்குள் நிறுத்துக் கொடுத்தால் அது முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். சூரியன் உதித்ததும் மறைந்ததும் அங்கே நாளாகாது. தராசு சொன்னாற்றான் நாள். விடியல் முதல் அந்தி வரை மழையில் நின்றவளின் நாளை, கிலோ இரண்டு குறைந்தது என்பதற்காகப் பாதியாக்கும் வல்லமை கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு உண்டு. அதே மலையில் அதே நாளை நின்றாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதே 1984 வரை நடைமுறையாயிருந்தது. நாட் கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை, 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் ஏறியது. கூலி ஏறியபோது பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. புளோரிடாவில் சீட்டு வாங்கியவன், என் நாளை நிரப்பு என்று பூங்காவைக் கேட்கிறான். இங்கே தோட்டம் தொழிலாளியைப் பார்த்து, என் நாளை நிரப்பு என்கிறது. இரண்டு இடத்திலும் 'முழு நாள்' என்ற சொல் ஒன்றே. அதைச் சொல்லும் உரிமைதான் வேறு.

இந்த உரிமை எம் மக்களிடம் கேட்டு எழவில்லை என்று எவரும் எண்ணவேண்டாம். மிருகக்காட்சிச்சாலை அரசுடைமையாகி நான்கே ஆண்டுகளில், 1940 மே மாதத்தில், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சமசமாஜக் கட்சியின் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்றை அமைத்தனர். அம்மன்றத்தைக் கலந்தே தோட்டக் காரியங்களை நடத்துவதாகத் துரை இசைய வேண்டியதாயிற்று. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்ததாகவும் அக்கட்சியின் வரலாறு கூறுகிறது. பின்னர் கடும் அடக்குமுறையாலேயே ஊவாவில் அவ்வலை தணிக்கப்பட்டது. எமது நாளை எவ்வாறு செலவிடுவது என்பதில் எமக்கும் ஒரு சொல் உண்டு என்று இம்மலைகள் ஒருகால் உரக்கச் சொல்லியிருக்கின்றன. இப்பகுதிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்? ஆசிரியர்களாகிய நாம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

எட்டே ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தெஹிவளையில் ஆபிரிக்கச் சிங்கத்துக்கும் தேசியச் சொத்து என்ற தகுதி இருந்தது. இந்நாட்டின் அந்நியச் செலாவணியைச் சுமந்த மனிதனுக்கு அத்தகுதி இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று இரு அரசுகளும் எழுதின. 1974இல் அந்த எஞ்சியோரையும் 75,000, 75,000 என்று பங்கிட்டன. எவரையும் கேட்டுச் செய்த பங்கீடன்று அது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிற்று. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்ட அந்தத் தாய் பிறந்தபோது, அவருடைய பெற்றோருக்கு நாடு இருந்திருக்குமா என்பதே ஐயம்.

சுற்றுலாவுக்கு முந்திய வாரம் வகுப்பில் இவ்வரலாற்றின் சில பகுதிகளை நாம் சொன்னோம். ரொஜர்ஸின் கதையைக் கேட்டுப் பிள்ளைகள் வாய்பிளந்தனர். நாள்தோறும் தாம் கடந்துபோகும் ஆலயத்துக்குப் பின்னே 1,400 யானைகள் கிடக்கின்றன என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தெஹிவளையில் பல்லாண்டுகளாக மாலைதோறும் நடந்த யானை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், ஆடுற யானைக்குப் பேர் போடுவாங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஒழுங்காக ஆடாத நாளில் அதற்கு அரைப் பேரா என்று அறிய அவன் உண்மையாகவே விரும்பினான். பல்கலைக்கழகத்தில் படித்த தமிழையெல்லாம் திரட்டியும் அவனுக்கு விடை சொல்ல எம்மால் இயலவில்லை. உழைப்பு, கூலி, கட்டாயம் என்பவற்றைப் பற்றி நாம் ஓர் ஆண்டில் நடத்தக்கூடிய பாடம் அனைத்தும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

பயணம் நடந்தது. நள்ளிரவில் புறப்பட்ட பஸ் வண்டி ஹப்புத்தளை, பெரகலை, பெலிகுல் ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்கி, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் ஓடிக் காலையில் தெஹிவளையை அடைந்தது. பிள்ளைகள் சிங்கத்தைக் கண்டனர், அது உறங்கிக்கொண்டிருந்தது. மீன்களின் நிறத்தைக் கண்ணாடியில் முகம் பதித்துப் பார்த்தனர். ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர அமைதியாயினர். அவ்வமைதியை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம். லயத்து அறைக்கும் தேயிலை மலைக்கும் அப்பால் உலகம் இத்துணைப் பெரிது, இத்துணை விந்தையானது என்று ஒரு பிள்ளை உணரும் கணம் அது. அக்கணம் பணக்காரப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாம் பார்த்து முடிந்தது. எஞ்சிய நேரத்துக்குக் கடற்கரைக்குச் சென்றோம். பலர் கடலை அன்றுதான் முதன்முறை கண்டனர். பாட்டன் வந்த கடல் இதுதானா என்று ஒருத்தி கேட்டாள். அவர்கள் இறங்கியது மன்னார்க் கரையில் என்று நாம் சொன்னோம். தண்ணீர் ஒன்றுதானே சேர் என்றாள்.

திரும்பிவந்தபின் அந்தத் தாயைத் தேடிச் சென்று எமது விடையைச் சொன்னோம். அம்மா, பார்ப்பதற்கு அரை நாள் போதும்; அறிவதற்கு ஒரு நாள் போதாது என்றோம். அவர் சிரித்தார். "நாங்க ஒரு நாளும் போனதில்லீங்களே சேர்" என்றார். அன்று எமது கணக்கில் விடுபட்டது எது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். பிள்ளைக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிட்டோம். தாயும் உடன் வந்தால் அவருக்குப் பேர் போகும் என்பதைக் கணக்கிடவே இல்லை. இரண்டு நாட் கூலியைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பியவர், மூன்றாம் நாட் கூலியையும் இழந்து எவ்வாறு வருவார்?

மன்னனின் விலங்குகளைப் பாரிஸ் மக்கள் கண்டது புரட்சியின் பேறு. இலண்டன் தொழிலாளி பூங்காவுக்குப் போக முடிந்தது வேலை நேரத்தைக் குறைக்க அவன் நடத்திய போராட்டத்தின் பேறு. ஓய்வு நாள் எங்கும் தானாக வந்ததில்லை. ஆகவே நாம் கேட்பவை இவை: தோட்டப் பாடசாலைகளின் சுற்றுலா, பிள்ளைகள் தம் நிலத்தையே முதலில் அறியும்படி உடவளவைக் காட்டிலிருந்து தொடங்கட்டும், ரொஜர்ஸும் ஹாகன்பெக்கும் வெவெஸ்ஸவும் வகுப்பறையில் பேசப்படட்டும், ஆண்டில் ஒரு நாளேனும் பிள்ளையோடு செல்லும் தாய்க்கும் தந்தைக்கும், தராசு இல்லாமல், கிலோ இல்லாமல், முழுப் பேர் போடப்படட்டும். ஒரு பூங்கா முழு நாளுக்குப் போதுமா என்று அதன்பின் அவர்களே கண்டு சொல்வார்கள்.